நடுவருக்கு வைக்காத சோறு

தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு காத்திருந்தபோது அந்த அழைப்பு வந்தது. பெயர் பதியாத எண். கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள் என நினைத்து இரண்டு முறை துண்டித்தேன். மறுபடியும் அடித்ததால் எடுத்தேன்.

"அண்ணே, நான் செல்வம் பேசுறேன்."

செல்வம் என் உடன்பிறந்த தம்பி. நாங்கள் பேசிக்கொண்டு பல வருடங்கள் ஆகின்றன.

"மைதீன் சார் தவறிட்டாகண்ணே. காலைல பள்ளிவாசல்ல சொன்னாகளாம். இன்னைக்குச் சாயங்காலம் அடக்கம்."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். ரத்தம் எடுத்த பெண், "கையத் தளத்தி விடுங்க சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காதர் மைதீனை உங்களில் பெரும்பாலோர் பட்டிமன்ற நடுவராகத்தான் அறிவீர்கள். உத்தமபாளையத்துக்காரர். சின்னமனூரில் நாங்கள் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் தமிழாசிரியர், நான் வரலாறு. என்னைவிட மூத்தவர். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் மேடையேறாத கோயில் திருவிழா குறைவு. அவர் குழுவில் நான் நீண்ட காலம் பேச்சாளனாக இருந்தேன். நான் நன்றாகப் பேசுவேன். வேறு யாரும் இதைச் சொல்லப் போவதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவர் இறந்த மறுநாளே பேருந்து நிலையத்தில் பெரிய பதாகை வைத்துவிட்டார்கள். அவர் படத்துக்குக் கீழே 'நகைச்சுவை வேந்தர்' என்று போட்டிருந்தது. அவரிடம் மொத்தமே நான்கைந்து நகைச்சுவைகள்தாம் இருந்தன. அவற்றையே ஊர் ஊராகச் சொன்னார். ஊர் ஊராகச் சிரித்தார்கள். அந்த மனிதருக்கு முக்கியமாக இருந்தது ஒரே ஒரு சொல். தீர்ப்பு. அதைப் பற்றி இந்த நினைவு மலரில் வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பட்டிமன்ற நோட்டீசின் கடைசி வரியில் 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று இருக்குமே, அந்த வரி அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை சின்னமனூரில் அச்சகத்துக்கே போய், அதை எடுத்துவிடச் சொன்னார். நானும் கூட இருந்தேன்.

"எல்லா நோட்டீசுலயும் போடுறதுதானே சார்?" என்றார் அச்சகக்காரர்.

"அதனாலதான் யாரும் படிக்கிறதில்ல. எடுத்துருங்க."

"எடுத்தா அங்கன வெள்ளையாத் தெரியுமே."

"பந்தல்காரர் போன் நம்பரப் போட்டு விடுங்க. யாருக்காவது உதவும்."

வெளியே வந்ததும், உங்கள் தீர்ப்பு இறுதி இல்லையா என்று கேட்டேன். வண்டியை உதைத்துக் கிளப்பியபடியே சொன்னார்: "நான் சொல்றது தீர்ப்பான்னே எனக்குத் தெரியாது சார். நான் சொல்லி முடிச்சப்புறம் ஒருத்தன் கட்டுப்படணும். அது என் கையில இல்ல."

அப்போது அது எனக்கு மேடைப் பேச்சாகத்தான் பட்டது.

செய்தித்தாளை விரித்தால் அவருக்குக் கோபம் வரும். 'அதிரடித் தீர்ப்பு', 'மக்கள் தீர்ப்பு', சினிமாப் பக்கத்தில் 'ரசிகர்களின் தீர்ப்பு'. ஓட்டை எண்ணினால் எண்ணிக்கை வரும், தீர்ப்பு எப்படி வரும் என்பார். எண்ணிக்கைக்கு வாயில்லை, ஏன் என்று கேட்டால் சொல்லாது என்பார். எங்கள் தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பெயரை எழுதி இந்தத் தாளை வீணாக்க விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுப் பணிக்கு மைதீனும் போக மாட்டேன் என்றார், நானும் போக மாட்டேன் என்றேன், எங்களுக்குள் இழுபறி. தலைமையாசிரியர் என் பெயரைப் போட்டு, 'இதுவே என் தீர்ப்பு' என்று சுற்றறிக்கை விட்டார். மைதீன் அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கே போனார்.

"உத்தரவுன்னு போடுங்க ஐயா, கையெழுத்துப் போட்டுடறோம். தீர்ப்புன்னா எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். உத்தரவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்ல. கருத்துன்னா யாரும் கட்டுப்பட வேண்டியதில்ல. தீர்ப்புக்கு ரெண்டும் வேணும்."

தலைமையாசிரியர் முகம் சிவந்து, அந்தச் சொல்லை அடித்து 'உத்தரவு' என்று எழுதிக் கொடுத்தார். சொல் மாறியது, வேலை மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்தான் போனேன்.

காரணத்தைத் தோற்றவனிடம்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. "ஜெயிச்சவனுக்குக் காரணம் எதுக்கு? மாலையப் போட்டா போயிருவான்." மற்ற நடுவர்களைப் போல, இரண்டு அணியும் சொன்னது சரிதான் என்று மழுப்பி முடிக்க மாட்டார். ஒரு பக்கம் சொல்வார். தோற்ற அணியைப் பார்த்துத்தான் பேசுவார். முடிந்ததும் தோற்றவர்களோடுதான் சாப்பிடுவார். ஜெயித்தவன் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார். அவன் கொடுப்பது, நன்றாகச் சொன்னீர்கள் என்பதற்கான கூலி ஆகிவிடுமாம். தோற்றவன் சோறு போட்டால்தான் சொன்னது முடிந்தது என்று அர்த்தமாம். இது எந்த ஊர் வழக்கமும் இல்லை. அவராக வைத்துக்கொண்டது.

அனுமந்தன்பட்டியில் ஒரு பட்டிமன்றம் நினைவிருக்கிறது. விவசாயிக்குப் பெரிய எதிரி வெயிலா, வியாபாரியா என்பது தலைப்பு. நான் வியாபாரி என்று பேசினேன். விழாக் கமிட்டித் தலைவரே கமிஷன் கடை வைத்திருந்தவர், முன்வரிசையில் துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரணியில் கம்பத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் வெயில் என்று பேசினார். மைதீன் என் பக்கம்தான் சொன்னார். வெயில் பேரம் பேசுவதில்லை என்றார். கூட்டம் கைதட்டியது, தலைவர் தட்டவில்லை. பிறகு பந்தியில் மைதீன் நேராகப் போய் அந்த டீச்சரின் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"சார், என்னையத் தோக்கடிச்சுட்டு என் இலையிலயே பங்குக்கு வந்துட்டீகளா?" என்றார் டீச்சர்.

"அப்பளம் மட்டும் போதும் டீச்சர்."

ஜெயித்த நான் தூணோரம் தனியாகச் சாப்பிட்டேன். அடுத்த வருடம் அந்த ஊரில் எங்களைக் கூப்பிடவில்லை.

இனிச் சொல்லப்போவது என் வீட்டு விஷயம். சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அப்பா இறந்ததும் பாகப் பிரச்சினை வந்தது. தோட்டம், அதிலுள்ள கிணறு, கொஞ்சம் மேட்டுக் காடு, ஊருக்குள் ஒரு வீடு. கிணறு இருக்கும் பக்கம்தான் எல்லாம். கிணறு இல்லாத துண்டில் பந்தல் போட்டுப் பயனில்லை. செல்வம் பள்ளிப் படிப்போடு நின்று தோட்டத்தைப் பார்த்தவன். நான் படித்து வேலைக்குப் போனவன். ஆனால் அந்தக் கிணற்றை ஆழப்படுத்தியது என் சம்பளம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, கல்யாணம் ஆகும்வரை, என் சம்பளம் அப்பா கைக்குத்தான் போயிற்று.

வக்கீலிடம் போவதைவிட மைதீன் சாரிடம் கேட்கலாம் என்று நான்தான் சொன்னேன். என் நண்பர், என் பக்கம் நிற்பார் என்று நினைத்ததை மறைப்பதற்கில்லை. தம்பி யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான். எங்களை உட்கார வைத்து மைதீன் முதலில் ஒன்று கேட்டார்.

"நான் சொல்றது பிடிக்கலேன்னாலும் கட்டுப்படுவேன்னு ரெண்டு பேரும் வாயால சொல்லணும். பிடிச்சாக் கட்டுப்படுறதுக்கு நான் எதுக்கு?"

சொன்னோம். அவர் ஒரு விடுமுறை நாள் முழுக்கத் தோட்டத்தைச் சுற்றினார். பந்தல் கல்லைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், வேலை செய்த பெண்களிடம் ஏதோ கேட்டார். பிறகு பந்தல் நிழலில் உட்கார்ந்து, தம்பியைப் பார்க்காமல், என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை மேடையில் பார்த்திருக்கிறேன்.

"தோட்டமும் கிணறும் செல்வத்துக்கு. வீடும் மேட்டுக் காடும் உங்களுக்கு சார். உங்க சம்பளம் இந்தக் கிணத்துல இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா நீங்க அதை அப்பாவுக்குக் கொடுத்தீக. அப்பா கிணத்துக்குள்ள போட்டாக. மகன் அப்பாவுக்குக் கொடுத்தது பாகத்துல திரும்பி வராது. செல்வம் இந்தக் கொடிய விட்டா அவனுக்கு வேற தொழில் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

இந்தக் காரணத்தை நான் ஆயிரம் முறை மனத்துக்குள் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஓட்டை இருக்கிறது. நான் அப்பாவுக்குக் கொடுத்தது பாசம் என்றால், செல்வம் அப்பா தோட்டத்தில் உழைத்ததும் அதேதானே? அவன் பாசத்துக்கு மட்டும் எப்படிக் கிணறு கிடைத்தது? அன்று எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. கட்டுப்படுகிறேன் என்று வாயால் சொல்லியிருந்தேன், எழுந்து வந்துவிட்டேன். பத்திரம் பதியும் நாளில் போய்க் கையெழுத்துப் போட்டேன். தம்பியோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் மைதீன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சின்னமனூரில் வாடகை வீடு. என் மனைவி ஈஸ்வரி உலை வைத்திருந்தாள்.

"சோறு உண்டா சார்?" என்றார்.

"இல்லை" என்றேன்.

குழம்பு கொதிக்கும் வாசனை வாசல் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அவர் தலையாட்டினார். "சரி. இன்னொரு நாளைக்கு வாரேன்."

வந்தார். ஒருமுறை இருமுறை இல்லை. பள்ளியில் வேலை விஷயம் தவிர நான் அவரிடம் பேசுவதில்லை. பட்டிமன்றத்துக்குப் போவதையும் விட்டுவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற பிறகும், சின்னமனூர்ப் பக்கம் எதற்காவது வந்தால், வாசலில் நின்று அதே கேள்வி கேட்பார். நானும் அதே பதில் சொல்வேன். கோபத்தோடுகூட இல்லை. மாலையில் கதவைச் சாத்துவது போல ஒரு பழக்கமாகிவிட்டது.

ஈஸ்வரிக்குத்தான் தாங்கவில்லை. "வயசான மனுசன் வெயில்ல வந்து நிக்கிறாக. வழியில போறவன் கேட்டாக்கூட ஒரு கை சோறு போடுறோம். நீங்க படிச்ச படிப்பு இதுக்குத்தானா?"

"வழியில போறவன் என் கிணத்தை எழுதிக் கொடுக்கல" என்றேன்.

"கிணறு, கிணறு. அதுலயே விழுந்து கெடங்க."

கடைசியாக வந்தது போன திராட்சை வெட்டு, அதாவது அறுவடையின்போது. ஆட்டோவில் வந்தார். இறங்கவே நேரமாயிற்று. ஆள் பாதியாகியிருந்தார். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இன்னைக்காவது உண்டா?"

"தீர்ப்பை மாத்துங்க. இப்பவே இலை போடுறேன்."

அவர் சிரித்தார். இருமல் வந்தது. "மாத்திட்டா நீங்க ஜெயிச்சவராயிருவீக. அப்புறம் உங்க வீட்டுல எனக்கு ஏது சோறு?"

"காரணம் தப்பு சார். நான் உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன்." நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன், பாசக் கேள்வியை. அத்தனை வருடம் வைத்திருந்தது.

அவர் நெடுநேரம் யோசித்தார். ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தப்பாக் கூட இருக்கலாம்" என்றார். "அன்னைக்கு எனக்கு அப்படித் தெரிஞ்சுச்சு. ஆனா ஒண்ணு சார். செல்வத்துக்கு நான் சொன்னது பாகம். வாங்கிட்டுப் போயிட்டான். ஒத்துக்கிட்டவனுக்கு அது தீர்ப்பு இல்ல. ஒத்துக்காம, தப்புன்னு தெரிஞ்சு, அதுக்கப்புறமும் கட்டுப்பட்டு நிக்கிறவனுக்குத்தான் அது தீர்ப்பு. நீங்க ஒருத்தர்தான் எனக்கு அப்படி."

சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். "சோறு?"

"இல்லை" என்றேன்.

"சரி" என்று போய்விட்டார்.

அடக்கத்துக்கு நான் உத்தமபாளையம் போய்ச் சேர்ந்தபோது மையவாடியில் கூட்டம் நிறைந்திருந்தது. அவர் மேடையில் தோற்கடித்த பலரையும் பார்த்தேன். வரிசையில் நின்று எல்லோரும் பிடி மண் போட்டோம். திரும்பும்போது செல்வம் என் பக்கத்தில் வந்து நடந்தான். தலை நரைத்துவிட்டது அவனுக்கும்.

"அண்ணே, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்காதீக."

நான் நடையைக் குறைத்தேன்.

"அவுக என் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லண்ணே. வெட்டுக்கு வெட்டு பெட்டியில திராட்சை கொண்டாந்து குடுப்பேன். வாசல்லயே திருப்பி அனுப்பிருவாக. அண்ணன் வீட்டுல சாப்பிட்டப்புறம் வாங்கிக்கிறேன்னு சொல்லிருவாக. நானும் ஒவ்வொரு தடவையும் கேப்பேன். சாப்பிட்டீகளா சார்னு. இன்னும் இல்லப்பான்னு சொல்லுவாக." அவன் குரல் உடைந்தது. "கிணறு கிடைச்சுச்சு, சரி. ஒரு பழம் குடுக்க முடியலண்ணே எனக்கு."

எனக்கு இது தெரியாது. என் வாசலில் நின்றவர் எனக்காக மட்டும் நிற்கிறார் என்றுதான் அத்தனை காலமும் நினைத்திருந்தேன். எனக்குப் பின்னால் இவனும் வரிசையில் நின்றிருக்கிறான்.

மரணம் நடந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது, உறவும் அக்கம்பக்கமும்தான் சோறு கொண்டுபோவார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலை நான் எழுந்தபோது ஈஸ்வரி பெரிய பாத்திரத்தில் வடித்துக்கொண்டிருந்தாள். சாம்பார், கூட்டு, ரசம், அப்பளம். நான் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆட்டோ பிடித்து உத்தமபாளையம் போனோம்.

வாசலில் மைதீனின் மகன் ஜாபர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டான். உள்ளே, திரைக்கு அப்பால், அவன் அம்மாவின் குரல் கேட்டது.

"யாரு வீட்டுச் சோறுடா?"

"சின்னமனூரு சார் வீட்டுச் சோறும்மா. வரலாறு சார்."

அந்த அம்மா சொன்னார்: "எல்லாருக்கும் இலையப் போடு. மொத அந்தச் சோத்தப் போடு. உங்க அத்தா கேட்டுக்கிட்டே இருந்தாக."

ஈஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியிலேயே நின்றேன். தெருமுனையில், ஒரு வேப்ப மரத்தடியில், செல்வம் நின்றுகொண்டிருந்தான். அவன் வண்டியில் திராட்சைப் பெட்டி ஒன்று கட்டியிருந்தது. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவன் உள்ளே வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடுக்கலாமாண்ணே?" என்றான்.

"குடு" என்றேன்.

நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். சமாதானமாகிவிட்டோம் என்று யாரும் எழுத வேண்டாம். இன்னும் அவன் வீட்டுக்கு நான் போகவில்லை. அந்தக் கிணற்றை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அவரே சாப்பிட வேண்டிய சோற்றை அவர் வீட்டார் சாப்பிட்டார்கள். அது கணக்கில் சேருமா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

நினைவுக் கூட்டத்தில் எல்லோரும் அவருடைய நகைச்சுவைகளைச் சொன்னார்கள். அவருடைய கொடி இந்தப் பள்ளத்தாக்கெங்கும் பறக்கிறது என்றுகூட ஒருவர் பேசினார். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு தீர்ப்பு. அது தவறான தீர்ப்பு. அவரிடமே சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன், நாளை யார் கேட்டாலும் சொல்வேன். அதற்கு நான் இன்றும் கட்டுப்பட்டிருக்கிறேன்.